நான்கு உத்தரணி எண்ணெய்

அபிராமபுரத்தின் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில், பேஸ்மென்ட்டிலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவின் சரிபாதியில், ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு ஸ்ரீரங்கனின் பத்மினி கார் நின்றுபோனது. பின்னால் நான்கு கார்கள் காத்திருந்தன. முதல் காரில் ஜவஹர். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கட்டடச் சங்கத்தின் செயலாளர். அவர் ஹார்ன் அடிக்கவில்லை. அதைத்தான் ஸ்ரீரங்கனால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால் இறங்கிப் போய் நாகரிகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் துணை மண்டல மேலாளராக ஓய்வு பெற்று பதினோரு வருடமாகியும், சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தைகள் அவரிடம் எப்போதும் தயாராக இருந்தன.

சரிவின் உச்சியில், கேட்டை ஒட்டி, விஜயலக்ஷ்மி கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அதுதான் வழக்கம். வண்டியில் ஏற வேண்டியவள் மாடிப்படியேறித் தெருவுக்கு வந்துவிடுவாள். கணவர் தனியாக வண்டியை மேலே கொண்டுவந்ததும் ஏறிக்கொள்வாள். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாக இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. யாராவது கேட்டால், "டாக்டர் படி ஏறச் சொல்லியிருக்கார்" என்பார் ஸ்ரீரங்கன். எந்த டாக்டர் என்று விஜயலக்ஷ்மியும் கேட்டதில்லை.

வாட்ச்மேனும் இன்னும் மூன்று பேரும் தள்ளி வண்டியைத் தெருவில் சேர்த்தார்கள். ஜவஹர் இறங்கி வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஆபீஸ் போறவங்க, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க எல்லாரும் உங்க பின்னாலயே நிக்காங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு, யாரும் தள்ளாம, தானா ஒரு தடவை ஏறிக் காட்டிருங்க. அப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன்."

"ஏறலேன்னா?"

"உங்க வண்டி நிக்கிற இடத்துல கரண்டு காருக்குச் சார்ஜ் போடுற பெட்டி வைக்கணும்னு எல்லாரும் கேக்காங்க சார். எத்தனை நாள்தான் நான் சமாளிக்க?"

"இந்த இன்ஜினை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் பிரிச்சதில்லே, தெரியுமோ? கம்பெனி போட்ட போல்ட்டு அப்படியே இருக்கு" என்றார் ஸ்ரீரங்கன். ஆபரேஷன் காணாத உடம்பைப் பற்றிப் பேசும் பெருமை அதில் இருந்தது. ஜவஹர் மரியாதையாகத் தலையாட்டினார். அதுவும் பிடிக்கவில்லை.

அது எண்பத்தேழாம் வருடத்து வண்டி. ஆறு வருடம் பதிவு செய்து காத்திருந்து வாங்கியது. முன் இருக்கை நெடுக ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். அதனால் நடுவில் எதுவும் குறுக்கே நிற்காது, விஜயலக்ஷ்மி நகர்ந்து நகர்ந்து அவர் தோள் வரை வந்துவிடுவாள். பின்னால் அவளுடைய வீணை படுத்திருக்கும். சாந்தோமில் பாட்டு வகுப்பு முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு அடையாறு வரை சும்மா ஒரு சுற்று. பாலத்தின் ஏற்றம் வந்ததும் அவள் புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்வாள். "பாரம் கொறையட்டும்" என்பாள். காலைத் தூக்கினாலும் எடை வண்டிக்குள்ளேதான் இருக்கும் என்று அவர் பௌதிகம் விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் பாலம் இறங்கியிருக்கும். ஐந்து பேரும் மூட்டைகளுமாகத் திருமலைக்கே ஒரு தடவை போய்வந்த வண்டி அது. அந்த முறையும் அவள் வளைவுக்கு வளைவு காலைத் தூக்கிக்கொண்டேதான் வந்தாள்.

திங்கள் மாலைக்குள் ஸ்ரீரங்கன் மசகெண்ணெய் விஞ்ஞானத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். கோபாலபுரத்தில் ஒரு கடையில் சிந்தடிக் ஆயிலும், தேய்ந்த இன்ஜின் இழந்த காற்றழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, மீட்டுத் தருவதாகச் சிங்கம் படம் போட்டுச் சத்தியம் செய்த மஞ்சள் பாட்டில் ஒன்றும் வாங்கினார். இரண்டையும் ஊற்றிவிட்டுக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் பன்னிரண்டு தவணைகளாக ஒரு கட்டுரை போட்டார். மூலக்கூறுகள் தேய்ந்த சிலிண்டர் சுவரில் போய் உட்கார்ந்து, இடைவெளியை அடைத்து, இன்ஜினை இளமைக்குத் திருப்பும் விதத்தை அதில் விளக்கியிருந்தார். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு கும்பிடு வந்தது. அதற்குள் மெல்லிசான புது எண்ணெய், பழைய கெட்டி எண்ணெய் அறியாத கசிவுகளையெல்லாம் கண்டுபிடித்து, பேஸ்மென்ட் தரையில் இலங்கை அளவுக்கு ஒரு தேசப்படம் வரைந்திருந்தது. வண்டியின் இழுவையில் எந்த மாற்றமும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மந்தைவெளியிலிருந்து இனாயத் வந்தார். முப்பது வருடமாக அந்த வண்டிக்கு அவர்தான் மெக்கானிக். தரையைப் பார்த்தார், மஞ்சள் பாட்டிலைப் பார்த்தார். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து, இருக்கையில் இருந்த ஸ்ரீரங்கனிடம் ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். முள் எழுபதில் நின்றது. அடுத்தது அறுபத்தஞ்சு. மூன்றாவது ஐம்பதைத் தாண்டவில்லை.

"நூத்தி இருவது வர வேண்டிய எடம் சார் இது" என்றபடி எண்ணெய்க் குப்பியை எடுத்து, மூன்றாவது ஓட்டையில் ஒரு ஸ்பூன் அளவுக்கு விட்டார். "இப்போ சுத்து."

முள் விறுவிறுவென்று ஏறி நூற்றுப் பத்தில் போய் நின்றது.

ஸ்ரீரங்கன் இருக்கையிலிருந்து குதித்து இறங்கினார். "பார்த்தியா! நான் குரூப்ல எழுதினது இதைத்தான்! எண்ணெய்தான் எல்லாம்! திரும்பி வந்துடுத்து பார்!"

"இன்னா சார் நீ! எங்க திரும்பி வந்துச்சு?" இனாயத் துணியில் கையைத் துடைத்தார். "காத்து எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாக்கறதுக்கு ஊத்துனேன். எண்ணெய் போயி சந்த அடைச்சிக்கினு நிக்கிது, அதான் முள்ளு ஏறுது. அப்போ பிஸ்டன் ரிங்குதான் தேஞ்சி கீதுன்னு அர்த்தம். டெஸ்ட்டு சார் இது, வைத்தியம் இல்ல."

"அப்போ அந்தப் பாட்டில்?"

"ரிங்கு அழுக்குல ஒட்டிக்கினு இருந்தா, கொஞ்சம் கழுவி உடும். நல்ல ஆயிலு ஊத்துனா மேல தேயறது கம்மியாவும். ஆனா தேஞ்ச எடத்துல இரும்பு மொளைக்காது சார். இன்ஜினப் பிரிச்சி, சிலிண்டரக் கடைஞ்சி போர் பண்ணி, புது ரிங்கு போடணும். ஒரு மாசம் குடு, குதிர மாதிரி பண்ணித் தரேன்."

"ஒரு மாசமா? நாளைக்குப் பத்து மணிக்கு டெஸ்ட்."

இனாயத் கேஜைப் பெட்டிக்குள் வைத்தார். ஸ்ரீரங்கன் சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த எண்ணெய் அங்கே எத்தனை நேரம் நிக்கும்?"

"ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். அப்பால எரிஞ்சி பொகையாப் பூடும்."

"சரிவு ஏற அரை நிமிஷம் போறும்."

"சார், வாணாம்."

"பிளக் ஸ்பானரை மட்டும் வச்சுட்டுப் போ இனாயத்."

இனாயத் ஸ்பானரை முன் இருக்கையில் வைத்துவிட்டு, படிக்கட்டுக்குப் போகாமல் சரிவிலேயே மெதுவாக நடந்து ஏறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ஸ்ரீரங்கன் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். ஒரு ஓட்டைக்கு ஒரு ஸ்பூன் என்று கணக்குத் தெரிந்ததே தவிர, வீட்டு ஸ்பூன் எதுவும் அந்தக் குழிக்குள் போகாது என்பது இரவே தெரிந்துவிட்டது. ஒடுக்கமான வாயும் நீண்ட காம்புமாக, வேண்டிய அளவில் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காலையில் சந்தியாவந்தனம் முடிந்ததும், பஞ்சபாத்திரத்தை மட்டும் பெருமாள் அலமாரியில் வைத்துவிட்டு, தீர்த்தம் எடுக்கும் உத்தரணியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முதல் ஓட்டையில் விடும்போது, ஆசமனம் செய்யும் பழக்க தோஷத்தில் வாய் "அச்யுதாய நம" என்றது. அடுத்து அனந்தன், கோவிந்தன். நான்காவதற்கு நாமம் இல்லை. சும்மா விட்டார்.

பிளக்குகளை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது லிப்ட் கதவு திறந்து விஜயலக்ஷ்மி வந்தாள்.

"நீ ஏன் இங்கே வந்தே? மேலே போய் நில்லு."

"ஏன்னா, உத்தரணியை எங்கே வச்சேள்? தளிகை ஆயிடுத்து, பெருமாளுக்குக் காட்டி அம்சே பண்ணணும்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இல்லை. பானெட்டின் விளிம்பில், எண்ணெய் வழிய, பிளக் ஸ்பானர் பக்கத்தில் அது கிடந்தது. அவளும் பார்த்தாள். ஓசையில்லாமல் எடுத்து, முந்தானையில் ஒரு தடவை துடைத்து, உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு இடது பக்கம் சுற்றிப் போய், முன்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

"விஜயம், இறங்கு. ஏறாது."

"அப்போ அறுபத்தாறு கிலோ இருந்தேன். இப்போ அறுபத்தொண்ணு. ஏறாம என்ன?"

"விளையாடாதே. மேலே எல்லாரும் நிக்கறா."

"நிக்கட்டுமே. ரெண்டு வருஷமா நானும்தான் நின்னேன்."

ஸ்ரீரங்கன் பானெட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். மூன்று இருமலுக்குப் பிறகு பத்மினி உயிர் பெற்றது. பின்னால் நீலப் புகை பொங்கி பேஸ்மென்ட்டை நிரப்பியது. மேலே கேட்டருகில் ஜவஹர் கையில் காபி டம்ளருடன் நின்றார். அவரைச் சுற்றி இருபது பேர், அவர்களுக்குப் பின்னால் கைகட்டி ஓரமாக இனாயத். முதல் கியரில் வண்டி சரிவைப் பிடித்து ஏறியது. ஸ்ரீரங்கனுக்கு ஒரு கணம் இளமை திரும்பிவிட்டது. திங்கட்கிழமை நின்ற இடத்தைத் தாண்டியபோது "பார்த்தியா" என்று வாயைத் திறந்தார். அப்போதுதான் இன்ஜினின் குரல் இறங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தார். வண்டி ஊர்ந்தது. புகை கண்ணாடிக்கு முன்னாலும் வந்து சூழ்ந்துகொண்டதில் ஜவஹர் மறைந்தார், கேட் மறைந்தது. "ஏறுது, ஏறுது!" என்று மேலே யாரோ கத்தினார்கள். இனாயத்தின் குரலாகவும் இருக்கலாம்.

உச்சிக்கு இன்னும் எத்தனை அடி என்று தெரியவில்லை. கை தானாக ஹேண்ட்பிரேக்கை நோக்கிப் போனது. அவர் இடதுபுறம் பார்த்தார். மடியில் உத்தரணியை வைத்து, புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு, விஜயலக்ஷ்மி நேராகப் புகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மெட்டி போட்ட அவளுடைய இரண்டு பாதங்களும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தூக்கியிருந்தன.