நான்கு பங்கு ஆஸ்பிரின்

கராகோல் ஊர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் மேரிமுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் கேட்ட கேள்விக்கு ஜூரா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுபத்திரண்டு வயது மனுஷியிடம் கேட்கிற கேள்வியா இது?

"வெட்கப்படாம சொல்லுங்கம்மா. வெளிக்குப் போறது கறுப்பா போகுதா?"

"கருந்திராட்சை ஜாம் சாப்பிட்டேன். அதான்."

சொன்ன பிறகுதான் ஜூராவுக்கு உறைத்தது. ஒரு குற்றத்தை மறைக்கப் போய் இன்னொரு குற்றத்தைத் தானாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு ஜாம்?"

"ரெண்டு ஸ்பூன்."

"ரெண்டு ஸ்பூன் ஜாமுக்கு ரத்தம் இப்படிக் குறையாதும்மா. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு உங்க மருமக சொல்றாங்க. வயித்துல எங்கயோ ரத்தம் கசியுது." மேரிம் பழைய நோட்டைப் புரட்டினாள். "ஆஸ்பிரின், தினமும் கால் மாத்திரைன்னு போட்டிருக்கு. தொண்ணூத்தேழுல எழுதினது. அப்புறம் வந்தவங்க எல்லாரும் அதையே காப்பி அடிச்சிருக்காங்க. இன்னும் கால்தான் போடுறீங்களா?"

ஜூரா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது, ஜாம் விஷயத்திலேயே அது தெரிந்துபோயிற்று.

"கால் கால்தான் போடுறேன்," என்றாள். "நாலு கால்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ முழு மாத்திரை. அப்புறம் எதுக்கு உடைக்கிறீங்க?"

அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

தொண்ணூற்றேழில் ஜூரா தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். கூடவே மாகென், லிதியா, சலிமா. நால்வரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரில் யார் யாரோடு சண்டை, யார் யாரோடு சமாதானம் என்று அறிந்தவர்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததாலோ என்னவோ, இரண்டு வருஷ இடைவெளியில் நான்கு பேருக்கும் சர்க்கரை வந்து சேர்ந்தது. "கம்பி வழியா ஒட்டிக்கிச்சுடீ," என்பாள் மாகென்.

அப்போதிருந்த கிழட்டு டாக்டர், சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயம் அடைத்துக்கொள்ளும், தினமும் கால் ஆஸ்பிரின் போடுங்கள் என்றார். சின்ன மாத்திரை அந்தக் காலத்தில் கராகோலுக்கு வரவில்லை. பெரியது கிடைப்பதே பெரும்பாடு. உடைத்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள், கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிட்டார். ஒரு மாத்திரைக்கு நாலு கால், கையில் நாலு பேர். பிறகென்ன யோசனை?

தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஜூரா வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். வேலையில் இருந்தபோது சாப்பாட்டு இடைவேளை, ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்க இடைவேளை. கத்தி மாகென் கையில்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவாள். எப்படி வெட்டினாலும் ஒரு கால் பெரிதாக இருக்கும், ஒரு கால் பொடிந்துபோகும்.

"உனக்கு மட்டும் எப்படி எப்பவும் பெருசு வருது?" என்று ஆரம்பிப்பாள் லிதியா.

"என் இதயம் பெருசு, அதான்."

"உன் வாய்தான் பெருசு."

சலிமா சண்டையில் சேராமல் எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவாள். லிதியா விரலை எச்சில் தொட்டுத் தட்டில் கிடக்கும் தூளைக்கூட விடாமல் ஒற்றி எடுப்பாள். மாத்திரைக்கு ஒரு நிமிஷம், பேச்சுக்கு இரண்டு மணி நேரம். அந்த மத்தியானங்கள் ஒருநாள் தீர்ந்துபோகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நால்வரும் சேர்ந்து அந்த ஆளை விரட்டியிருப்பார்கள். எத்தனை சந்தோஷமாக இருந்தோம் என்று நினைக்கும்போது ஜூராவுக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும். அதற்கு ஆஸ்பிரின் கேட்காது.

பதினோரு வருஷத்துக்கு முன்பு சலிமா சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் மாகென் பழக்க தோஷத்தில் நாலாக வெட்டிவிட்டாள். தட்டில் ஒரு கால் மிஞ்சிக் கிடந்தது.

"தூக்கிப் போட்டுடலாமா?" என்றாள் லிதியா. ரஷ்யக்காரி, அவளுக்கு அது சாதாரணம்.

மாகென் அவளை முறைத்தாள். "நீ இந்த ஊர்ல எத்தனை வருஷமா இருக்க? விருந்துக்கு வராதவ பங்கை என்ன செய்வோம்?"

"துணியில கட்டி வீட்டுக்கு அனுப்புவோம்."

"இவளுக்கு எந்த வீட்டுக்கு அனுப்புறது? கூட உக்காந்து சாப்பிட்டவங்கதான் சாப்பிடணும். பங்கைக் குப்பையில போட்டா அவளையே போட்ட மாதிரி."

அன்று முதல் சலிமாவின் கால் பங்கை ஆளுக்கு ஒரு நாளாக முறை வைத்துப் போட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு லிதியாவை அவள் மகன் சைபீரியாவுக்கு, பர்னாவுலுக்கு அழைத்துப் போனான். மிச்சம் இருந்த இருவரும் ஆளுக்கு இரண்டு கால் போட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு நிமோனியாவில் மாகெனும் போனாள். அதன் பிறகு ஜூரா தனியாக, மாகெனின் கத்தியால் மாத்திரையை வெட்டி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்குத் தேநீர் குடித்தாள். உடைத்த மருந்தை மிச்சம் வைக்கவும் கூடாது, எறியவும் கூடாது என்றால் ஒரு பொம்பளை வேறென்ன செய்வாள்?

இதையெல்லாம் ஜூரா சொல்லி முடித்தபோது டாக்டர் மேரிமின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் குரல் கறாராகவே வந்தது.

"அம்மா, அந்தக் காலத்துல சர்க்கரை இருக்கிற எல்லாருக்கும் ஆஸ்பிரின் நல்லதுன்னு நினைச்சாங்க. இப்போ அப்படி இல்ல. ஏற்கனவே மாரடைப்பு வந்தவங்களுக்கு அது அவசியம். உங்களுக்கு வரல. எழுபது தாண்டின வயசு, வயித்துல புண்ணு. உங்களுக்கு அது கால்கூட வேண்டாம். இன்னும் ரத்தம் போச்சுன்னா உடம்பு தாங்காது. இன்னையோட நிறுத்தணும்."

"ஒரு கால் மட்டும்?"

"கூடாது."

"மாகென் பங்கு மட்டும்?"

"அம்மா!"

வயிற்றுக்கு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மணி இரண்டு ஆயிற்று. மேஜையில் கத்தி இருந்தது, மாத்திரை அட்டையும் இருந்தது. செத்துப்போக ஜூராவுக்கு ஆசை இல்லை, பேத்தியின் கல்யாணம் இலையுதிர் காலத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டு மணிக்கு யார் பெயரையும் சொல்லாமல் எழுந்து போவதா? அட்டையை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். பிறகு அதை மேஜையில் போட்டுவிட்டு போனை எடுத்து பர்னாவுலுக்கு அடித்தாள். அங்கே மணி மூன்று.

லிதியா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கத்தினாள்.

"ஆறு வருஷமா என் பங்கையும் முழுங்கினியா? நான் உசுரோட இருக்கேன்டீ, பைத்தியக்காரி! செத்தவங்களோட சேத்து என்னையும் தின்னுட்டியே!"

"நீதான் போயிட்டியே. உன் பங்கு இங்கதான கிடந்துச்சு."

"எனக்கு இங்க தனியா தர்றாங்க. போன வருஷம் அட்டாக் வந்து இதயத்துல குழாய் வச்சாங்கல்ல? நான் நிறுத்தவே கூடாதுன்னு டாக்டரம்மா திட்டுவா. சின்ன மாத்திரை, ஒரு பொட்டு அளவுதான்."

"உனக்குக் கூடாதுன்னு சொல்லல, எனக்கு மட்டும் சொல்றாங்க," என்றாள் ஜூரா. "நான் விட்டுட்டா அவங்க ரெண்டு பேருக்கும் யாருடீ இருக்கா?"

மறுமுனையில் ஏதோ கரகரத்தது. எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் இருந்தவளுக்கு இணைப்பு அறுந்த சத்தமும் ஆள் அழுகிற சத்தமும் வேறு வேறு என்று தெரியும்.

"ஜூரா," என்றாள் லிதியா. "யார்கிட்டயும் சொல்லாத. அந்தப் பொட்டு மாத்திரையை நானும் நாலாத்தான் உடைக்கிறேன். பாதி தூளாத்தான் போகுது. மருமக பாத்துட்டு, அம்மாவுக்குக் கழண்டுடுச்சுன்னு மகன்கிட்ட சொல்லியிருக்கா."

"நெஜமாவா?"

"மாகென் மாதிரி வெட்ட வரல. நீ விட்டுடு. எனக்கு இது டாக்டர் சொன்ன அளவுதான், நாலையும் போட்டாத்தான் ஒரு மாத்திரை. எல்லார் பங்கையும் நானே போடுறேன்."

"என் பங்கையுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இப்பத் தெரியுதா, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு?"

ஜூராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பர்னாவுலில் மேஜை மேல் கத்தி தட்டும் சத்தம் போனில் கேட்டது. லிதியா ஏதோ முணுமுணுத்துத் திட்டினாள், மாத்திரை பொடிந்திருக்கும்.

"சலிமா," என்றாள். ஒரு மடக்குக் குடிக்கிற சத்தம்.

"மாகென்." இன்னொரு மடக்கு.

"லிதியா. அது நான்."

ஜூரா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூரா."

தன் பெயர் வந்ததும், எழுபத்திரண்டு வயது ஜூரா காலிச் சமையலறையில் உட்கார்ந்தபடி, தன்னை அறியாமல் வாயைத் திறந்தாள்.