ஒஹாயோவுக்குப் போய் வரும் கடற்கரை

மங்கூஸ் பே கடற்கரை ஓர் அக்டோபர் புதன்கிழமை சாயங்காலம் கப்பலுக்குப் பின்னாலேயே போய்விட்டது. அதற்குக் காரணம் வேன் ஓட்டும் எக்பர்ட்டின் வாய்தான் என்பதில் ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது, எக்பர்ட்டுக்கும் கிடையாது. கப்பல் வரும் நாளெல்லாம் துறைமுக வாசலில் நம்பர் அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்பது, பதினாலு பயணிகளை ஏற்றிக் கடற்கரையில் இறக்குவது, குளிக்கவிட்டு, வெயிலில் சிவக்கவிட்டு, மூன்றரை மணிக்குத் தலையெண்ணி ஏற்றிக் கப்பலடியில் கொண்டு விடுவது. பத்தொன்பது வருஷமாக இதுதான் அவன் பிழைப்பு. விடும்போது மைக்கைப் பிடித்து ஒரு வசனம் சொல்வான்: "இந்தக் கடற்கரை இனிமே உங்களுது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க!" எல்லாரும் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள், கப்பலேறியதும் மறந்துவிடுவார்கள். ஜமைக்காவின் வட கரையில் டிரைவர்கள் எல்லாருமே இப்படி ஏதாவது ஒன்றைத் தாரை வார்ப்பது வழக்கம். ஒருவன் மலையைக் கொடுப்பான், இன்னொருவன் சூரியனை. அதுவரை யாரும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

அந்தப் புதன்கிழமை வந்தவர்களில் மிஸஸ் புரூயிட் என்கிற அம்மாள், அமெரிக்காவில் கடலே எட்டாத ஒஹாயோவில் முப்பத்தாறு வருஷம் தபாலாபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து ரிட்டயரானவள். கவுன்டரைத் தாண்டிக் கை மாறியது மாறியதுதான் என்று பழகிப்போனவள். மற்றவர்கள் இறங்கிய பிறகும் அவள் நின்று, "நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். எக்பர்ட் நெஞ்சில் கை வைத்து, "சத்தியமா" என்றான். அவள் அவன் கையைக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து மணிக்குக் கப்பல் ஊதியது. மணல் முதலில் ஓரங்களில் கொஞ்சம் சுருண்டது, பிறகு யாரோ பாயை இழுத்ததுபோல மொத்தமாக நகர்ந்து தண்ணீரில் இறங்கியது. மூன்று பாதாம் மரங்களும் நின்ற வாக்கிலேயே போயின. சாய்வு நாற்காலிகளும் நண்டுகளும் போயின. இரண்டு நாய்கள் பாதி தூரம் போய், யோசித்துப் பார்த்து, திரும்பி வந்தன. மிஞ்சியது கறுப்புப் பாறையும், கடலில் தொலைந்ததாக வீட்டில் சொல்லப்பட்டிருந்த பதினோரு கல்யாண மோதிரங்களும். அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியதற்கும் எக்பர்ட்டையே காரணம் சொன்னார்கள்.

பாறை மேல் மெர்லீனின் அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சங்கரா மீனைப் பொரித்து, வினிகரும் காரமிளகாயும் ஊற்றி, மரவள்ளி அடையோடு அவள் கொடுப்பதைத் தின்னத்தான் பாதிப் பேர் கடற்கரைக்கே வருவார்கள். எக்பர்ட் அவளை ஏழு தடவை கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான், ஏழு தடவையும் அந்த மைக் குரலில். "என் இதயமே உன்னுது மெர்லீன், எடுத்துக்கோ!" என்பான். வாரத்துக்கு மூன்று வேன் ஜனங்களைக் கடற்கரையில் இறக்கும்போதும் அதே இதயத்தை அவன் மைக்கில் கொடுப்பதை அடுப்பங்கரையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த மெர்லீன், "மீன் வேணுமா, பேச்சு வேணுமா? மீனுன்னா உக்காரு" என்று முடித்துவிடுவாள். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இப்போது அடுப்பை நிமிர்த்தி வைத்தபடி, "யோவ் எக்பர்ட்டு, பாறையைப் பாக்க எவனும் கப்பலேறி வரமாட்டான். கிங்ஸ்டன்ல அக்கா சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. கிறிஸ்துமஸுக்குள்ள மணல் வரலேன்னா நான் கெளம்பிடுவேன்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். எக்பர்ட் குனிந்து அடுப்புக்கடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான்.

அதிகாரிகள் நாடாவோடு வந்து அளந்து, கடற்கரை தற்காலிகமாக ஊரில் இல்லை என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். டோமினோ மேஜையில் கட்டையை ஓங்கி அடிக்கிறவர்கள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். "எக்பர்ட்டு, என் மாமியாரையும் ஒருத்தருக்குக் குடுத்துப் பாரேன்!" "குடுத்துடலாம்ணே, கப்பல் தாங்கணுமே" என்பான் அவன். "என்ன பண்றது, மூளைக்கு வைக்க வேண்டியதையும் ஆண்டவர் எனக்கு நாக்குலயே வச்சுட்டாரு." ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் கண்ணில் கட்டி வரும். அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

நவம்பரில் மிஸஸ் புரூயிட்டிடமிருந்து கடிதம் வந்தது. கடற்கரை பதினோராம் நாள் பத்திரமாக வந்து சேர்ந்தது, வீட்டுக்குப் பின்னால் சோளக்காட்டில் விரிந்திருக்கிறது, சுற்றிலும் பனி கொட்டினாலும் மணல் சுடுகிறது, பக்கத்து வீட்டார் கம்பளித் தொப்பியோடு வந்து குளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். என் வீட்டுக்காரர் வால்டர் நாற்பது வருஷமாகக் கடல் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார், சொன்னதைக் கொடுத்த முதல் ஆண்பிள்ளை நீங்கள்தான் என்று முடித்திருந்தாள். எக்பர்ட் அதை வேனிலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

பதில் எழுதினான். கடற்கரைக்கு அங்கே குளிருமே, ஒரு ஸ்வெட்டர் அனுப்பட்டுமா என்று சுற்றி வளைத்து எழுதினான். மறுநாள் காலை இடது கண்ணில் கட்டி. நண்டுகளுக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கும் என்று இன்னொன்று எழுதினான். வலது கண்ணிலும் கட்டி. இரண்டு கண்ணும் பாதி மூடிய நிலையில், வேன் ஓட்ட முடியாமல், டிசம்பர் முதல் ஞாயிறு சர்ச்சுக்குப் போகாமல் மூன்றாவதை எழுதினான். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. "அந்தக் கடற்கரை என்னோடது இல்லை. யாருடையதும் இல்லை. மெர்லீன் அங்கே மீன் பொரிப்பாள். அவள் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை. நான் சொன்னது பொய் என்று உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்." தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு கட்டியும் அமுங்கிவிட்டன.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கப்பல் வந்தது. மெர்லீன் பெட்டி கட்டி, எண்ணெய்ச் சட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கப்பலுக்குப் பின்னால், கயிறு கட்டாமலே கூட வரும் ஆடுபோல, கடற்கரை வந்துகொண்டிருந்தது. பாறை மேல் ஏறி ஒரு தடவை புரண்டு படுத்தது. மரங்கள் அதனதன் இடத்தில் போய் நின்றன. நடு மரத்தின் இலைகளில் இருந்த பனியைப் பிள்ளைகள் ஆளுக்கொரு கை அள்ளித் தின்று தீர்த்தார்கள். மிஸஸ் புரூயிட் இறங்கி வந்து எக்பர்ட்டிடம், "குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா உங்களுக்கு அவமரியாதை. அதனால இது என்னோடதுதான். ஆனா பதினோரு மாசம் இங்கேயே இருக்கட்டும், எனக்கும் வீடு பூரா மணல் கூட்டி முடியல. செப்டம்பர்ல மட்டும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். செப்டம்பர் புயல் மாசம், கப்பலும் குறைவு. ஊர் அதை நல்ல ஏற்பாடு என்று ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து எத்தனையோ புயல் வந்து, வெறும் பாறையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

கடற்கரை திரும்பி வந்த அன்று எக்பர்ட் மூன்றரை மணிக்குப் பயணிகளைக் கொண்டு விட்டபோது மைக்கில், "தொப்பி, கண்ணாடி எதையும் வண்டியில விட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னான். யாரும் கை தட்டவில்லை. திரும்பி மணலில் நடந்து அடுப்படிக்கு வந்தான். மெர்லீன் சட்டியைத் துணியிலிருந்து பிரித்து, சுடவைத்து, முதல் மீனைப் போட்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான். மைக் குரல் வரவில்லை. வந்தது கொஞ்சம் கம்மிய, சாதாரணக் குரல்.

"மெர்லீன், என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். அது பொன்னிறம் ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கட்டிக்கிறேன்," என்றாள். "செப்டம்பர்ல வச்சுக்கலாம். அப்பதான் எனக்குக் கடை இருக்காது."