கதவைத் தட்டாத பேய்

எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுவது நான். நட்சத்திரம் போடும் வழக்கமில்லை. படம் ஓடும்போது எத்தனை முறை கைபேசியை எடுத்துப் பார்த்தேனோ, அந்த எண்ணிக்கையைக் கடைசி வரியில் போட்டுவிடுவேன். எண் குறையக் குறையப் படம் நல்ல படம். இந்த முறையால் இதுவரை இரண்டு இயக்குநர்களும் ஒரு பேராசிரியரும் மனம் புண்பட்டிருக்கிறார்கள். பேராசிரியர் படம் எடுத்தவரில்லை, வகுப்பு எடுத்தவர்.

'வாடகைக்கு அல்ல' என்ற பேய்ப்படத்தை மட்டும் வேறு யாராவது எழுதட்டும் என்று முன்னாலேயே சொல்லிப் பார்த்தேன். அதற்கு ஒலிப்பதிவு செய்தது என் அக்கா. பத்திரிகை ஆசிரியை கேட்கவில்லை. எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டுவதால் அவளுக்குக் கத்தரி என்று பெயர்.

"சொந்தக்காரங்க படம்னா கை நடுங்குதா?"

"கை நடுங்காது. வீட்டுல சோறு கிடைக்காது."

"இளைச்சாப் பரவாயில்ல, எழுது."

அக்காவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். "உள்ளதை எழுதுடா. அக்காவாச்சேன்னு பாவம் பார்த்தே, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வழி பண்ணிட்டுத்தான் போவேன்."

ஊருக்குப் போவது அடுத்த வெள்ளிக்கிழமை. ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய தூரத்தில், ஒரு பெரிய படக்குழுவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், ஆனால் முறைப்படி தெரியாது. அவரும் அக்காவும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

காப்பீட்டு அலுவலக வேலையை அவள் விட்ட அன்று அப்பா, "சத்தம் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். "யாரும் வாயே திறக்காத வீட்டுல பொறந்துட்டேன்ல, அதான் சத்தம்னா ஆசை" என்றாள் அக்கா. அவள் சொன்னது சரி என்று நிரூபிப்பதுபோல அப்பா அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அவளும்தான். நடுவில் நான்.

"உங்க அக்காகிட்ட சொல்லு, குளியலறை லைட்டை அணைக்கச் சொல்லி" என்பார் அப்பா. அக்கா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். "அணைச்சாச்சுன்னு சொல்லுடா." நான் திரும்பி, "அணைச்சாச்சாம்ப்பா" என்பேன். சில நாள் நானாகவே கடைசியில் 'அன்புடன்' என்று சேர்த்துச் சொல்வேன். இருவரும் ஒரே நேரத்தில் முறைப்பார்கள். அந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை.

"அவ ரயில் ஏறுறதுக்குள்ள இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும்டா" என்று அம்மா துணி மடிக்கும்போதெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்லேன்னா ரெண்டும் இப்படியே உறைஞ்சு போயிடும்."

இந்த நிலவரத்தில்தான் நானும் கத்தரியும் மதியக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தோம். அரங்கில் எங்களைத் தவிர ஒரு காதல் ஜோடியும், குளிரூட்டிக்காக வந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார்கள்.

படத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கதாநாயகி தனியாக ஒரு வீட்டுக்குக் குடிவருகிறாள். வீட்டில் மொத்தம் மூன்று அறை. அதில் அவள் வழி தவறிவிடுகிறாள். ஒரே மேசை விளக்கு மூன்று அறைகளிலும் மாறி மாறி நடித்திருக்கிறது, படத்தில் நன்றாக நடித்தது அதுதான். புயல் காட்சியில் ஜன்னலுக்கு வெளியே மரம் ஆடவில்லை, உள்ளே காலண்டர் மட்டும் ஆடுகிறது. மனநல மருத்துவர், வீட்டுத் தரகர், போலீஸ்காரர் மூவரும் இயக்குநரே. மூவருக்கும் ஒரே மீசை, போலீஸ்காரருக்கு மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

"பேய் எப்படா வரும்?" என்றாள் கத்தரி.

"பட்ஜெட்ல இல்லைபோல."

உண்மையிலேயே இல்லை. அந்தப் படத்தில் பேயைக் காட்டவேயில்லை. கதாநாயகி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், கேமரா கதவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது. நான் கைபேசியை எடுத்தேன். எத்தனையாவது முறை என்பதை மறந்திருந்தேன்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

நடைவழியில் ஷூ சத்தம். ஒரு கால் பதிகிறது, ஒரு கால் லேசாக இழுக்கிறது. பதிகிறது, இழுக்கிறது. கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது. அதன்பிறகு ஒரு சின்னச் சத்தம். கொத்துச் சாவி குலுங்கப் போகும் நேரத்தில் யாரோ அதை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்ததுபோல, பாதியில் அமுங்கிய சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஒரு பெருமூச்சு நீளத்துக்கு ஒன்றுமேயில்லை. பிறகு கால் திரும்பி, பதிந்து, இழுத்து, போய்விடுகிறது.

பேய்ப்படத்தில் பேய்கள் எப்போதும் சத்தம் போட்டுத்தான் பயமுறுத்தும். இந்தப் பேய் தன் சத்தம் உள்ளே கேட்டுவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நிற்கிறது.

"என்னடா, வேர்க்குது?" என்றாள் கத்தரி.

"ஏசி வேலை செய்யல."

"நான் துப்பட்டாவைப் போத்திட்டு உட்கார்ந்திருக்கேன்டா."

படத்தில் அந்தச் சத்தம் இன்னும் பலமுறை வந்தது. நான் அதற்குப் பிறகு கைபேசியைத் தொடவில்லை. ஏனென்றால் அந்த நடை எனக்குத் தெரியும். என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் மொட்டைமாடி லிஃப்ட் அறைச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். லிஃப்ட் கெட்டால் அதைச் சரிசெய்ய அவர் படியேறித்தான் போக வேண்டும் என்பதால் வலது முழங்கால் தேய்ந்து, அந்தக் காலை இழுத்து நடப்பார். வாசலில் குனிய முடியாமல் வீட்டுக்குள்ளும் ஷூவோடே வந்து, தன் அறையில் உட்கார்ந்துதான் கழற்றுவார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அக்காவின் அறைக்குப் போனேன். அவள் வயர்களைச் சுருட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ அப்பாவைத் திருடிட்ட."

அவள் நிமிரவில்லை. "கண்டுபிடிச்சுட்டியா? அம்மா பார்த்தா கண்டுபிடிப்பாங்கன்னு நினைச்சேன். உனக்கு அவ்வளவு காது இருக்கும்னு நினைக்கல."

"எப்ப எடுத்தே?"

கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். ஒவ்வோர் அறைக்கும் தனியாக ஓர் அமைதி உண்டாம். மின்விசிறி, குழாய், சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு, எல்லாம் சேர்ந்த ஓர் இரைச்சல், நமக்குத் தெரியாது, மைக்குக்குத் தெரியும். வசனங்களுக்கு நடுவில் ஒட்டுவதற்கு அதைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வது அவர்கள் தொழில் வழக்கம். ஒரு சாயங்காலம் கதவோரம் மைக்கை வைத்துவிட்டுத் தன் அறையின் அமைதியைப் பிடித்திருக்கிறாள். காதில் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்ததாம். அப்புறம் போட்டுக் கேட்டால், அமைதிக்கு நடுவில் அப்பா.

"அதுவரைக்கும் எனக்குத் தெரியாதுடா. வேலை விட்டு வர்றாரு, நேரா ரூமுக்குப் போயிடறாருன்னுதான் நினைச்சேன். மறுநாளும் மைக் வச்சேன். மறுநாளும் வந்தாரு. தினமும் வர்றாரு. ஒரு வருஷமா நின்னாரோ என்னவோ."

"நீ ஏன் திறக்கல?"

"அவர் ஏன் தட்டல?"

தினமும் சாயங்காலம் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவர் அந்தப் பக்கம் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நடுவில் ஒரு மரக்கதவு. இத்தனை நாள் இந்த வீட்டில் இருவருக்கும் நடுவில் நான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இயக்குநர் இதைக் கேட்டதும் ஆடிப்போயிட்டாரு. பேயைக் காட்டவே வேணாம், இது போதும்னுட்டாரு. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல." வயரை மறுபடி சுருட்ட ஆரம்பித்தாள். "வேற எப்படி அவர்கிட்ட சொல்றது, எனக்குக் கேக்குதுன்னு?"

அன்று விமர்சனம் எழுதினேன். மேசை விளக்கையும் மீசையையும் பற்றி இஷ்டத்துக்கு எழுதினேன். கடைசிப் பத்தி மட்டும், எண் எதுவும் இல்லாமல், இப்படி வந்தது:

'இந்தப் பேய் தினமும் ஒரு கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது. தட்டுவதில்லை. உள்ளே இருப்பவளுக்கு அது நிற்பது தெரியும். திறப்பதில்லை. ஏன் என்று இயக்குநர் சொல்லவில்லை. அந்தக் கதவில் தாழ்ப்பாள் போட்டிருப்பதாக ஒரு காட்சியிலும் காட்டவில்லை. படத்தில் எனக்குப் பயமாக இருந்தது அது ஒன்றுதான்.'

கத்தரி முதல் பாதியை வழக்கம்போல வெட்டினாள். "கடைசிப் பாரா எனக்குப் புரியல. ஆனா அதுல கை வைக்கத் தோணல" என்றாள்.

என் விமர்சனங்களை அப்பா படிப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் காப்பாற்றி வரும் ஒரு பொய். கைபேசியைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டி, எழுத்தைப் பெரிசாக்கி, வரி வரியாகத் தள்ளிப் படிப்பார். இது பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வந்த அன்றும் படித்தார். இரண்டு முறை மேலே தள்ளிவிட்டு மறுபடி கீழே வந்தார். "எங்க ஓடுது இது?" என்றார்.

தியேட்டர் பெயரைச் சொன்னேன். கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தாமதமாக வந்தார். "தியேட்டர்ல லிஃப்ட் பார்க்க வேண்டியிருந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அந்தத் தியேட்டருக்கு மாடியே கிடையாது.

அன்று அவர் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். சாவிக்கொத்தை ஆணியில் மெதுவாக மாட்டினார். வெறுங்காலோடு, இழுக்கும் கால்கூடச் சத்தம் போடாமல், நேராகத் தன் அறைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வெளியே வந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"இன்னிக்கு வரல" என்றாள்.

"படம் பார்த்துட்டார்க்கா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான்தான் வெரட்டிட்டேன்" என்றாள்.

புதன்கிழமையும் அவர் வரவில்லை. ஒரு விமர்சனத்தை எழுதிப் பேயையே ஓட்டிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமையாக இல்லை. அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னடா பண்ணி வச்சீங்க ரெண்டு பேரும்? முன்னாடி அந்தப் பக்கமா நடக்கவாவது செஞ்சாரு." அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இல்லை.

அன்று அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அந்தக் கதவுல தாழ்ப்பாள் போடலைன்னு எழுதியிருந்தியே. நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்ப்பா."

"வெளியில இருந்து பார்த்தா எப்படித் தெரியும், உள்ள போட்டிருக்கா இல்லையான்னு?"

"தெரியாதுதான். ஆனா போடல."

அவர் ஒலியைக் கூட்டிவைத்துச் செய்தி பார்த்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவின் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. போவதற்கு முன்னால் தன் அறையின் அமைதியைக் கடைசியாக ஒருமுறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். என்னையும் அம்மாவையும் கட்டிலில் உட்காரவைத்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. அவள் அதைச் சாத்தப் போனாள். கையை வைத்தவள், அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மூச்சையெல்லாம் அடக்க வேணாம்மா. பேசாம இருந்தாப் போதும்."

பதிவுக்கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்விசிறி. எங்கேயோ ஒரு குழாய்.

வாசல் கதவு திறந்தது. ஷூவைக் கழற்றும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நடைவழியில் கால் பதிந்தது, இழுத்தது. பதிந்தது, இழுத்தது. அறைக்கு வெளியே வந்து நின்றது. சாவிகள் உள்ளங்கைக்குள் அமுங்கும் அந்தச் சின்னச் சத்தம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள்.

பேய் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது.

பிறகு அப்பா கையைத் திறந்தார். அத்தனை சாவியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கணகணவென்று குலுங்கின.

"போச்சு" என்றாள் அக்கா. "டேக் போச்சு."

கீல் கிறீச்சிட, கதவு உள்ளே வந்தது.

"என்ன போச்சு?" என்றார் அப்பா.

அவர் பார்த்தது அவளை. எனக்கு அது உறைக்கவில்லை. பழக்க தோஷத்தில் அக்கா பக்கம் திரும்பி, "என்ன போச்சுன்னு கேக்க..." என்று ஆரம்பித்தேன். அம்மா தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

"ரூமோட அமைதியை எடுத்துட்டிருந்தேன்ப்பா. சாவிச் சத்தம் விழுந்துருச்சு."

அப்பா சாவிக்கொத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம். ஆனா யாரும் பேசக்கூடாது."

"அது எனக்குப் பழக்கம்தான்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். உட்கார இடம் தேடினார். நானும் அம்மாவும் நகர்ந்துகொண்டோம். கட்டில் நான்கு பேருக்கானதில்லை. அவர் உட்காரும்போது முழங்கால் சொடுக்கியது.

"ஸாரி" என்றார் மைக்கைப் பார்த்து.

"இன்னும் ஆரம்பிக்கலப்பா."

அவள் பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி. குழாய். அப்பாவின் மூச்சு கொஞ்சம் கனமாக, அக்காவின் மூச்சு கொஞ்சம் ஈரமாக. அவள் நிறுத்தவேயில்லை. வேண்டிய அளவு எப்போதோ எடுத்தாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

சட்டைப் பையில் என் கைபேசி அதிர்ந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.