முன்வினையும் ஒரு முழச் செம்புக் கம்பியும்

பகலவன் மேற்கே சாய, ஆலைப் புகைபோக்கிகளின் நீண்ட நிழல்கள் தெருவைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறிக்கொண்டிருந்த பிற்பகல் வேளை அது. சாயம் கலந்து ஓடும் வாய்க்காலின் இரு மருங்கிலும் கூரைகள் தோளுரசி நிற்க, அவற்றின் நடுவே நான்கு அடுக்காய் எழுந்து, தன் எண்ணற்ற பலகணிகளால் ஊரை உற்றுநோக்கி நின்றது அந்த மருத்துவமனை. அதன் மூன்றாம் அடுக்கில், தீப்புண் பட்டோரைக் கிடத்தும் அறைக்கு வெளியே, சுண்ணம் உதிர்ந்த நடையில், ஒரு மரப்பலகையின்மேல் மூவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அவர்கள் அமர்ந்திருந்தது ஏன் என்பதைப் படிப்பவராகிய நீர் அறிய வேண்டும்.

ஒருத்தி, உள்ளே வெந்து கிடந்த சாயத் தொழிலாளியின் மனைவி. இன்னொருத்தி, அவனை ஈன்ற தாய். மூன்றாமவன், அந்த மனைவியின் தம்பி; அதே ஆலையில் கொதிகலனைக் காத்துத் தொட்டிகளுக்கு நீராவி ஊட்டும் பணியினன். ஆலையில் அவனுக்கு வேதாந்தி என்று பெயர். நண்பகலில் சோற்றுப் பொதியை அவிழ்க்குமுன்பே வினை, மறுபிறவி, பற்றறுத்தல், வீடுபேறு என்று தொடங்கிவிடுவான். கேட்டவர்கள் உண்டு முடித்துக் கை கழுவிய பின்னும் உயிருக்கு அழிவில்லை என்பதை நிறுவிக்கொண்டே இருப்பான். சொன்னவற்றை அவன் நம்பாமல் இல்லை. வாய் கிழியப் பேசத் தெரிந்தவனுக்கு அவற்றைத் தன்மேல் வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்தக் குறை நம்மில் பலர்க்கும் உண்டு.

கொதிகலனின் தலைப்பகுதியில், அழுத்தம் எல்லை கடந்தால் தானே திறந்து ஆவியைப் போக்கும் காப்புத் திறப்பு ஒன்று இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை அது பழுதுற்று, ஓயாமல் சீறி ஆவியை வீணாக்க, தொட்டிகள் சூடேறாமல் மேலாளர் வாய்க்கு வந்தபடி ஏச, ஆலையை நிறுத்தச் சொல்ல அஞ்சிய வேதாந்தி, ஒரு முழச் செம்புக் கம்பியால் அத்திறப்பை இறுகக் கட்டிவிட்டான். மாலை வரைதானே என்று தன் நெஞ்சைத் தட்டிக்கொடுத்தான். நண்பகலில், போக்கிடம் அற்ற ஆவி குழாயின் இணைப்பைப் பிளந்து, தொட்டியருகே நின்ற அக்காள் கணவன்மேல் பாய்ந்தது. எல்லோரும் வெந்தவனைத் தூக்க ஓடியபோது, இவன் மட்டும் மேலேறிக் கம்பியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆராய வந்தவர்கள் குழாய் பழையது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்று நாள் கழிந்தும் கம்பி பையிலேயே கிடந்தது. எறிந்துவிட வாய்க்கால்வரை போவான். கை எழாது, திரும்பிவிடுவான். எவரும் காணவில்லை என்று நெஞ்சு சொல்லும்போதெல்லாம், உடம்பு செய்வதை உள்ளிருந்து வாளா நோக்கும் உயிர் ஒன்று உண்டெனத் தானே பிறர்க்குச் சொன்னது நினைவில் வந்து நின்றது.

ஐந்து மணிக்கு அறுவை. பிழைப்பது அரிது என்பதை மருத்துவர் ஒளிக்கவில்லை. அதற்குமுன் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார். அப்போது மணி நான்கரை. கதவுக்கு அப்பால் மீண்டும் ஓர் ஓலம் எழுந்தது.

"மனசைத் தேத்திக்கோக்கா," என்றான் வேதாந்தி, பழக்கத்தால். "நெருப்பு உடம்பைத்தான் சுடும். உயிரைச் சுடாது."

"அப்ப உள்ள கத்துறது யாருடா?" என்றாள் அக்காள்.

அவள் எழுந்து கதவை நோக்கி இரண்டடி வைத்தாள். "என்னைத்தான் கூப்பிடுறாரு அத்தை."

"கூப்பிடட்டும். நீ போக வேண்டாம்," என்றாள் மாமியார், தரையைப் பார்த்தபடி. "நீ காலெடுத்து வச்ச நாள்லேருந்து என் வீட்டுல ஒன்னு மாத்தி ஒன்னு. வினை இல்லாம யாருக்கும் எதுவும் வராதுன்னு உன் தம்பிதானே வாய் ஓயாம சொல்லுவான். உன் வினைதான் என் பிள்ளையைச் சுட்டுருக்கு. இனிமே உன் நிழல்கூட அவன்மேல பட வேண்டாம்."

மருமகள் சினந்திருந்தால் வேதாந்தி தாங்கியிருப்பான். அவளோ தலை குனிந்தாள்.

"அத்தை சொல்றது சரிதான்டா தம்பி. எந்தப் பிறவியில யாரைச் சுட்டேனோ, அதை அவரு வாங்கிக்கிட்டாரு. என்னைக் கொண்டுபோய் வீட்டுல விட்டுடு."

மணி நான்கு நாற்பது. வாய் திறவாதிருந்தால் அவன் வேலை நிலைக்கும், சிறை இல்லை, அக்காளும் அவனைத் தம்பி என்றே அழைப்பாள். ஆனால் கட்டியவளை அழைத்தழைத்து ஒருவன் தனியே மாள்வான், அவளும் செய்யாத தீங்கைச் சாகும்வரை சுமப்பாள். தான் இத்தனை ஆண்டுகள் பரப்பிய சொற்கள் ஒன்றுகூடித் தன் உடன்பிறந்தாளின் கழுத்தை நெரிப்பதை அவன் கண்டான். பைக்குள் கையை விட்டு, முறுக்கிக் கிடந்த கம்பியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"என்னடா இது?"

"சேஃப்டி வால்வைக் கட்டுன கம்பி. கட்டுனது நான்தான். அதனாலதான் பைப்பு வெடிச்சுது. வினைதான்கா. ஆனா உன்னோடது இல்ல. போன பிறவியிலயும் இல்ல. போன செவ்வாக்கிழமை, காலையில எட்டரை மணிக்கு."

அவனை அறையத் தூக்கிய தாயின் கை பாதியில் நின்று மெல்லத் தாழ்ந்தது. பிறகு அவள், வழியில் நீட்டியிருந்த தன் கால்களை மடக்கிக்கொண்டாள்.

"உள்ள போம்மா," என்றாள் மருமகளிடம். "அவன் கூப்பிடுறான்."

அக்காள் கம்பியைத் தம்பியின் கையிலேயே திருப்பித் தந்தாள். "சொல்ல வேண்டியவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு," என்று மட்டும் சொல்லி உள்ளே சென்றாள். சிறிது பொழுதில் ஓலம் தணிந்து, இருவர் மெல்லப் பேசும் ஓசையாயிற்று.

"அத்தை..." என்று தொடங்கினான் வேதாந்தி.

"வேண்டாம்ப்பா. நீ நிறையப் பேசிட்ட."

ஐந்து மணிக்கு வெந்தவனை உருள்கட்டிலில் வெளியே கொணர்ந்தபோது, கட்டுப்போடாத ஒரே விரலைப் பற்றியபடி மனைவி உடன் நடந்தாள். தாய் மறுபுறம் நடந்தாள். தீ சுடாத உயிர் ஒன்று உண்டென்பது மெய்யாகவே இருக்கலாம், படிப்பவரே. ஆயினும் அதை வெந்தவன் சொன்னால் தெளிவு. வேகவைத்தவன் சொன்னால் ஒளிவிடம். வேதாந்தி அன்று எதையும் சொல்லாமல், கம்பியைக் கையில் வெளிப்படப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, காவல் நிலையம் இருந்த தெருவை நோக்கி நடந்தான்.