திருச்சியில் இறங்காத விமானம்

வாப்பாவின் உடலைச் சுற்றிய கஃபன் துணியின் தலைமுடிச்சைக் கட்டப்போன கையை உம்மா தட்டிவிட்டாள்.

"எம்புள்ள வந்து மொகத்தைப் பாக்காம யாரும் கட்டக் கூடாது."

கட்ட வந்தவர் உம்மாவின் தம்பி நெய்னா முகம்மது. அவர் உம்மாவின் மகள் அர்ஷியா பக்கம் திரும்பினார். "நீதாம்மா பிளேன் சங்கதி தெரிஞ்சவ. தம்பி எப்ப வந்து சேருவான்? லுஹர் தொழுகைக்கு ஜமாஅத்து காத்துக் கெடக்கு."

வாப்பா தாவூது முந்தின நாள் அந்தியில், மஹ்ரிபு நேரத்தில் மௌத்தானார். "என்னை வச்சுப் பாக்காதீங்க, சட்டுன்னு எடுத்துருங்க" என்று படுக்கையில் கிடந்த பதினொரு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் ஜவஹர் அலி துபாயிலிருந்து காலை விமானத்தில் வருகிறேன் என்றதும் உம்மா அவரை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டாள். உயிரோடு இருந்தபோதே அவர் பேச்சு எடுபடாத வீடு அது.

அர்ஷியா பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு விமானங்களை வரிசைப்படுத்தும் மென்பொருள் எழுதுகிறாள். கணினியில் நூறு பொய் விமானங்களைப் பறக்கவிடுவாள். ஒன்று ஐந்து நிமிடம் பிந்தினால், பின்னால் வருபவை வானில் சுற்றாமல் இறங்க எதன் வேகத்தை எங்கே குறைப்பது என்று பார்ப்பாள். திருத்தம் பிந்தி வந்தால் ஆட்டம் அடங்காது, கூடும். அவள் படித்த கட்டுப்பாட்டுப் பொறியியலின் அரிச்சுவடி அது. இத்தனையும் வாப்பாவின் கட்டிலடியில் உட்கார்ந்தே செய்தாள். ஒரு கை கீபோர்டில், ஒரு கை மூத்திரக் குடுவையில்.

தம்பியின் குரல் செய்தி வந்திருந்தது. "லாத்தா, பிளேன் மேலயே சுத்திக்கிட்டிருக்கு. எறங்க விட மாட்டேங்கிறான்."

அவள் கைப்பேசியில் பார்த்தாள். அந்த விமானம் ஒன்பது இருபதுக்கே திருச்சியில் இறங்கிவிட்டது. புளுகுகிறவனுக்கு ஆள் பார்த்துப் புளுகவும் தெரியவில்லை. கொல்லைக்குப் போய் அவனை அழைத்தாள்.

"நீ ஏறவே இல்லியாடா? லீவு கெடைக்கலியா?"

"கெடச்சுது. துபாய் ஏர்போர்ட் வரைக்கும் வந்தேன் லாத்தா. என் பொண்டாட்டி ஆன்லினை ஒரு நாளாச்சும் மருமவள்னு சொன்னாரா அந்த மனுசன்? என் கல்யாணத்துக்கு வந்தாரா?"

"போன மாசம் வாப்பா அந்தப் பொண்ணை விசாரிச்சாங்கடா. நல்லாருக்காளான்னு கேட்டாங்க."

"போன மாசமா? நாலு வருஷம் கழிச்சா?" அவன் வைத்துவிட்டான்.

அவளுக்கு அவன்மேலும் ஆத்திரம், வாப்பாமேலும் ஆத்திரம். உண்மையைச் சொன்னால் உம்மா இன்றைக்கு இரண்டு பேரை இழப்பாள். சொல்லாவிட்டால் வாப்பா மறுபடி ஐஸ் பெட்டிக்குள் போவார்.

உள்ளே வந்து, அலுவலகக் கூட்டத்தில் பேசுகிற குரலில் சொன்னாள். "திருச்சியில மழை மேகம் உம்மா. கொச்சிக்குத் திருப்பி விட்டுட்டாங்க. நாளைக்குத்தான் வர முடியும்."

"நெசமாவா?"

"எனக்குத் தெரியாதா?"

படித்த பெண், பிளேன் தெரிந்தவள். உம்மாவின் கை தளர்ந்தது. மாமா முடிச்சைப் போட்டார்.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பினார்கள். கபுருக் குழிக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. பதினொரு மாதம் மலம் அள்ளியவளுக்கு ஒரு பிடி மண் போட இடமில்லை. வராதவன் வந்திருந்தால் குழியருகே முதல் இடம் அவனுக்குத்தான். நாளைக்கு என்ன பொய் சொல்வது என்று இப்போதே யோசிக்க வேண்டியிருந்தது.

"பொல்லாத படிப்பு படிச்சே" என்றாள் உம்மா. "ஊரு ஒலகத்துப் பிளேனையெல்லாம் எறக்குறே. தம்பி வந்ததை எறக்க முடியலியே உன்னால."

அர்ஷியா ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்து நின்றாள்.

உம்மா இரு கைகளையும் ஏந்தினாள். "யா அல்லா, எம்புள்ள ஏறுன பிளேனைப் பத்திரமா எறக்கு." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "சும்மா நிக்கிறியே, நீயும் ஆமீன் சொல்லு."

அர்ஷியா பக்கத்தில் உட்கார்ந்து கையேந்தினாள்.

"ஆமீன்."