குச்சிப்பூச்சிக்கு எட்டாத வெளிச்சம்

விழுந்துவிடாதே. பிடியை விட்டுவிடாதே. நான் மூச்சு விடுவதுகூட உனக்குத் தொந்தரவா? இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்.

ஸுப்ரஜா இதை வாய் திறந்து சொல்லவில்லை. குவெம்பு நகர் வீட்டின் பின்னறையில், வலைக்கூண்டுக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கொய்யாக் கிளையிலிருந்து ஒரு குச்சிப்பூச்சி தலைகீழாகத் தொங்கியது. தெரியாதவர்கள் காய்ந்த சுள்ளி என்றே நினைப்பார்கள். நேற்றிலிருந்து அது இலையைத் தொடவில்லை. தோலுரிக்கப் போகிறது.

மூன்று இருந்தன. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரி சித்தம்மா, தன் மகள் வளர்த்ததில் மிஞ்சியவை என்று ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். பகலெல்லாம் அசையாமல் கிடந்து, இருட்டிய பிறகே நடமாடும் ஜீவன்கள். யாரும் பார்க்காதபோது அவை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள ஏன் இத்தனை தவிப்பு என்று ஸுப்ரஜாவுக்கே விளங்கவில்லை. முதலாவது தோலுரித்தபோது டார்ச் அடித்துப் பார்த்தாள். அது திடுக்கிட்டு உதறி, பாதித் தோலோடு கீழே விழுந்தது. கால்கள் வளைந்தபடியே இறுகிப்போய், சில நாளில் செத்தது.

பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாக எட்டாது என்று பிறகு எங்கோ படித்தாள். உடனே பெருமாள் அலமாரியில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு ஜீரோ பல்பைக் கழற்றிக் கூண்டின் தலைமேல் மாட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துத் துடைத்து அந்தப் பல்பின் சாயம் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடங்களில் வெள்ளை வெளிச்சம் கசிந்ததை அவள் கவனிக்கவில்லை. சூடு வேறு. கூண்டுக்குள் ஈரம் வற்றி, இரண்டாவதன் தோல் உடம்போடு ஒட்டிக்கொண்டு உரியவே இல்லை.

"பெருமாள் பல்பைப் பூச்சிக்கு மாட்டினா பின்னே என்னாகும்?" என்றாள் ஸரஸா. ஸுப்ரஜாவின் கணவன் கௌஸ்துப்பின் அக்கா அவள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று இவர்களோடு இருக்கிறாள். கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று ஸுப்ரஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பார்க்கிற ஆசையே இரண்டு உயிரைக் கொன்றுவிட்டது.

இனி பார்க்கவே வேண்டாம் என்று ஒரு வாரம் இருந்தாள். முடியவில்லை. ஆபீஸிலிருந்து நேராகத் தேவராஜ மொஹல்லாக் கடைத்தெருவுக்கு ஆட்டோ பிடித்தாள். தசரா அலங்காரத்துக்கு என்று நினைத்துக் கடைக்காரர் விட்டுவிட்டு மின்னுகிற சரவிளக்குகளாக எடுத்துப் போட்டார். மின்னக் கூடாது, சுடக் கூடாது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும் என்றாள். கடைசியில் ஒரு சிவப்பு எல்இடி பட்டை கிடைத்தது. கைக்குட்டையை விரித்து அதன்மேல் எரியவிட்டு, ஓரத்தில்கூட வெள்ளை கசியவில்லை என்று பார்த்த பிறகே வாங்கினாள்.

இந்த முறை தலைமேல் மாட்டவில்லை. கூண்டுக்குப் பின்னால், சுவரைப் பார்க்க ஒட்டினாள். சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் போதும். எவ்வளவு வேண்டும் என்பதைப் பூச்சியிடமே விட்டுவிட்டாள். அது இலையைக் கொறிக்கும்போது விளக்கின் திருகைக் கொஞ்சம் கூட்டுவாள். கொறிப்பதை நிறுத்திவிட்டுக் குச்சியாக விறைத்தால் குறைத்துவிட்டுக் காத்திருப்பாள். மறுபடி கொறிக்கத் தொடங்கிய இடத்தில் திருகில் மைப்புள்ளி வைத்தாள். அந்த மங்கலில் அவளுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. கண் பழகப் பழக எல்லாம் தெரிந்தது.

மிச்சமிருந்த சங்கடம் ஸரஸா. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டின் ஒவ்வொரு அறையிலும் லைட் போட்டாக வேண்டும் அவளுக்கு. பூச்சி விழிக்கிற நேரமும் அதுதான்.

"சாயங்கால வேளையில ஒரு ரூம் மட்டும் இருட்டாக் கெடந்தா நன்னாவா இருக்கு?"

"இருட்டில்லையே அக்கா. விளக்கு ஏத்தித்தான் இருக்கேன். சிவப்பா எரியறது, அவ்வளவுதான்."

ஸரஸா எட்டிப் பார்த்தாள். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அன்றிலிருந்து பின்னறை ஸ்விட்சுக்கு அவள் கை போகவில்லை.

இன்று விளக்கேற்றிய கையோடு அவளும் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸுப்ரஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூச்சியின் முதுகில் ஒரு கோடு பிளந்தது. தலை வெளியே வந்தது. பிறகு கால்கள் ஒவ்வொன்றாக, உறையிலிருந்து உருவுவதுபோல, வளையாமல் முறியாமல் நீண்டன. இத்தனை நீளத்தை அந்தச் சின்ன உடம்பு எங்கே மடித்து வைத்திருந்தது? அது திடுக்கிடவில்லை. தன்னை இரண்டு பெண்கள் பார்ப்பது தெரியாமலே, அவசரமில்லாமல் பழைய தோலைவிட்டு வெளியே வந்து தொங்கியது.

"அம்மாடி, ஜெயிச்சுட்டா இவ" என்று முணுமுணுத்தாள் ஸரஸா. யாரைச் சொன்னாள் என்று ஸுப்ரஜா கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பொருந்தும்.

அப்போதுதான் கௌஸ்துப் ஆபீஸ் பையோடு அறை வாசற்படியில் வந்து நின்றான். விஷயம் தெரிந்ததும் அவனுக்கும் சந்தோஷம். மேல்கோட்டையில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, போனை உள்ளே நீட்டினான். அந்தப் பக்கம் குழந்தைகள் எங்கே எங்கே என்று கத்தின.

"ஒண்ணுமே தெரியல, ஸுப்ரஜா. ஒரே நிமிஷம் ட்யூப்லைட் போடு. எல்லாரும் காத்துண்டிருக்கா."

அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. என்றுமே அப்படிக் கேட்டதில்லை. அவள் கண்ணை மூடிக் கிடக்கும் நேரங்களில்கூட உள்ளே வந்து லைட்டைப் போட்டுவிட்டுத்தான் தூங்கறயா என்று கேட்பான். அவளும் இல்லை என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

புதுக் கால்கள் இன்னும் ஈரமாக, இறுகாமல் இருந்தன. இப்போது திடுக்கிட்டால் இத்தனையும் வீண்.

ஸ்விட்ச் அவள் தோளுக்கு நேர் மேலே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஸுப்ரஜா கைகளை மடியிலேயே கோத்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள், பூச்சிக்குக்கூடக் கேட்காத குரலில்.