பன்னிரண்டு பீஸில் நாலு ஓட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு படத்திலிருந்து கிடைத்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதயம் தளர்ந்தவர்களுக்குப் புது மாத்திரை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவுப் படம். ஆண்கள், பெண்கள், சர்க்கரை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று வரிசையாகச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் ஒரு கோடு. கொடியில் கை விரித்துக் காயும் பனியன்கள் மாதிரி இருந்தது. அந்த நிமிஷமே கதையைத் திருப்பூருக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘வெள்ளையம்மாளின் இதயம் ஒரு பழைய தையல் மெஷினைப் போல…’

[அடித்துவிட்டேன். திருப்பூரில் பழைய மெஷினை யார் வைத்திருக்கிறார்கள்? வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.]

இரண்டாவது தொடக்கம், இதுவே நிற்கட்டும்: 2006 ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்த சித்ராதேவிக்குப் பகீரென்றது. ஒன்பது நாள் மாத்திரை அப்படியே கிடந்தது. அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. இரண்டு ராத்திரியாக உட்கார்ந்தேதான் தூங்குகிறாள். வெயில் காரணம் என்று மகள் நினைத்திருந்தாள்.

2

சித்ராதேவி திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் பீஸைப் புரட்டி ஓட்டை, கறை கண்டுபிடிப்பது அவள் தொழில். தாய் வெள்ளையம்மாள் இரண்டு வருஷம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அந்த ஆய்வில் இருந்தவள். ஆய்வு முடிந்து, மாத்திரை நல்லது என்று தெரிந்து, தொடர்ந்து கொடுத்து வந்தார்கள்.

குட்டையைக் குழப்பியவன் முதலாளி மகன் தரணி. இண்டர்நெட்டில் முடிவைத் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து நீட்டினான்.

“ஏனுங்க சித்ராக்கா, மொத்தத்துல நல்ல மாத்திரைதானுங்க. ஆனா பொம்பளைங்களுக்கு மட்டும் கேக்கலையாட்ட இருக்குதுங்க. அம்மாகிட்டச் சொல்லிப் போடுங்க.”

சொன்னவன் அவன். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் படித்துக் காட்டியவள் சித்ராதேவி. அன்றோடு அம்மா மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள்.

[தரணியை வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு முறை வெள்ளையம்மாளுக்கு மூச்சு முட்டியபோது தன் காரில் வைத்துக் கோயம்புத்தூர்வரை ஓட்டிப் போனவன் அவன். பேனா ஒத்துழைக்கவில்லை.]

3

ஆய்வு நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ரோஸ்மேரிக்குச் சித்ராதேவி போன் போட்டாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

“ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர்ல பொம்பளைங்க முந்நூறு பேர்தான்மா. அதை மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டு கேக்கலைன்னு சொல்ல முடியாது. ஒரு மாத்திரையப் போட வச்சு, இப்பவே கூட்டிட்டு வாங்க.”

வெள்ளையம்மாள் அசையவில்லை. “ஆம்பளையளுக்குள்ள மாத்திரை எனக்கு எதுக்குட்டி? அச்சடிச்சுல்லா வந்திருக்கு. எல்லாருஞ் சேந்து என்னைய ஏமாத்தி முழுங்க வைக்கப் பாக்கியளோ?”

4

இந்த இடத்தில் புள்ளியியல் புத்தகமாக இருந்தால் ஒரு கணக்கு வரும். எனக்கும் தெரியும், போட்டால் நீங்கள் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவீர்கள். அம்மாவுக்குப் புரியும்படி சொல்லச் சித்ராதேவியிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஒரு வருஷமாக அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“முத்துப்பேச்சிய வேலைய விட்டு நிப்பாட்டினது நாந்தாம்மா.”

முத்துப்பேச்சி, தெற்கே அவர்கள் சொந்த ஊர்க்காரி. இதே காம்பவுண்டில் மூன்றாவது வீடு. வெள்ளையம்மாளை அத்தை என்று கூப்பிடுகிறவள்.

“மொதலாளின்னுல்லா சொன்னே?”

“சீட்டு எழுதிக் குடுத்தது நான். அந்த லாட்டுச் சரக்கு மொத்தமும் பாஸு. நூத்துக்கு ரெண்டு ஓட்டைதான். அது யாரு தைச்சதுன்னு கேட்டாரு. சைஸு, கலரு, ஷிப்டு, மெஷினுன்னு நாப்பது விதமாப் பிரிச்சேன். கடைசியில நேவி புளூ, எக்ஸெல் சைஸு, மத்தியானத்துக்கு மேல, முத்துப்பேச்சி மெஷினு. பன்னெண்டு பீஸ்ல நாலு ஓட்டை. அவதான்னு எழுதிட்டேன்.”

“பொறவு?”

“அவ போன பொறவும் நூத்துக்கு ரெண்டுதான். அடுத்த லாட்டுல வேற மூலையில நாலு ஓட்டை சேந்து கெடந்துச்சு. அத்தன விதமா வெட்டுனா எங்கயாவது சேந்துதாம்மா கெடக்கும். இந்தப் பேப்பர்ல பொம்பளையளும் அந்தப் பன்னெண்டு பீஸு மாதிரிதான். அத நம்பி மாத்திரைய நிப்பாட்டாத.”

வெள்ளையம்மாள் மாத்திரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவ எம் மடியில படுத்து அழுதாளேட்டி. நீ பக்கத்துலதான இருந்தே.”

சித்ராதேவிக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. வெள்ளையம்மாள் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாள்.

“ரயிலடிக்கு ஒரு ஆட்டோ சொல்லு. அது வாரதுக்குள்ள அவகிட்டப் போயி இதச் சொல்லிட்டு வா. சொல்லாம வந்தேன்னா நான் ஏற மாட்டேன்.”

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வெள்ளையம்மாள் இன்னும் பத்து வருஷம் இருக்கிறாள். இன்னொன்றில் ஆடி பிறக்கும் முன்பே போய்விடுகிறாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதைப் படித்தால், பெண்களுக்கும் மாத்திரை கேட்கிறது என்பீர்கள். இரண்டாவதைப் படித்தால், தரணியின் பேப்பர்தான் சரி என்பீர்கள். பன்னிரண்டு பீஸை வைத்துத் தீர்ப்பு எழுதியது தப்பென்றால், ஒரே பீஸை வைத்து எழுதுவது அதைவிடப் பெரிய தப்பு. ஆகவே அவள் எவ்வளவு நாள் இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். [தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.]

இதைச் சொல்கிறேன். முத்துப்பேச்சி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது முதலிபாளையத்தில் வேலை. அவளுக்கும் ஞாயிறு லீவு.

“என்னக்கா, அத்தைக்கு முடியலியா?”

சித்ராதேவி சொன்னாள். சீட்டு, நேவி புளூ, நாலு ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. முத்துப்பேச்சியின் கையில் இருந்த ஈரப் பனியன் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், திட்டலாம், அடிக்கக்கூடச் செய்யலாம். கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள். காம்பவுண்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. வெள்ளையம்மாள் இன்னும் ஏறவில்லை.